கட்டைவிரலையும் சேர்த்துக் கை கழுவுவது எப்படி?

முதலில் ஒரு சின்னச் சோதனை. குழந்தைகள் படம் வரையும், தண்ணீரில் கரைகிற பெயிண்ட் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவும்போது எப்படித் தேய்ப்பீர்களோ அப்படியே, அதே வேகத்தில், அதே அளவு நேரம் தேய்த்துவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். பெயிண்ட் பட்டதெல்லாம் நீங்கள் தினமும் கழுவுகிற இடம், படாததெல்லாம் தினமும் விட்டுவிடுகிற இடம்.

நான் முதல்முறை செய்தபோது உள்ளங்கை முழுக்க நீலம், புறங்கையின் நடுவில் ஒரு தீற்றல், அவ்வளவுதான். இரண்டு கட்டைவிரல்களிலும் துளி நிறம்கூட இல்லை, விரல் நுனிகளும் அப்படியே இருந்தன. வீட்டில் உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை கை கழுவிக்கொண்டிருந்தேன், அத்தனை தடவையும் இந்தக் கட்டைவிரல்கள் கழுவப்படாமலேதான் இருந்திருக்கின்றன என்று புரிந்தபோது மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தது, தண்ணீர் டம்ளரைப் பிடித்தது, நெற்றியைத் தொட்டுப் பார்த்தது எல்லாமே அந்தக் கட்டைவிரலும் விரல் நுனியும்தானே.

கை கழுவத் தெரியாதவர் யாரும் இல்லை என்பதால்தான் இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. சின்ன வயதில் "போய்க் கையைக் கழுவிட்டு வா" என்று அனுப்பினார்கள், நாமும் போய் நனைத்துக்கொண்டு வந்தோம், அன்று பழகியதுதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிற வீட்டில் இருப்பவர்கள், வயதானவர்களையோ நோயாளிகளையோ கவனித்துக்கொள்ள ஆரம்பித்திருப்பவர்கள், சமையல் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இதில் எதிலும் சேராவிட்டாலும் பரவாயில்லை, கை இருந்தால் போதும்.

சோப்பு என்ன செய்கிறது

செய்முறைக்குப் போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும்.

நம் கையில் இரண்டு வகைக் கிருமிகள் இருக்கின்றன. தோலிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவை ஒரு வகை, எவ்வளவு தேய்த்தாலும் அவை முழுவதும் போகாது, பெரும்பாலும் அவற்றால் நமக்குத் தொந்தரவும் இல்லை. இன்னொரு வகை வழியில் வந்து ஒட்டிக்கொள்பவை. கதவுக் கைப்பிடி, கைப்பேசி, இன்னொருவரின் கை, பச்சை இறைச்சி, கழிப்பறை, குழந்தையின் மூக்கு என்று எதைத் தொட்டாலும் கொஞ்சம் வந்து ஒட்டும். சளியும் காய்ச்சலும் பேதியும் பரவுவது இந்த இரண்டாவது வகையால்தான். நல்ல விஷயம் என்னவென்றால், இவை தோலின் மேலோட்டத்தில்தான் இருக்கும், ஒழுங்காகத் தேய்த்து அலசினால் போய்விடும்.

தோலின் மேல் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை ஒன்று படர்ந்திருக்கும். கிருமிகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெயில் தண்ணீர் ஒட்டாது என்பதால் வெறும் தண்ணீரை விட்டால் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், பசை அங்கேயே இருக்கும். சோப்பின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் உண்டு, ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெயைப் பிடிக்கும் முனைகள் பசையைச் சுற்றி வளைத்துக்கொள்ள, தண்ணீரைப் பிடிக்கும் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மொத்தமும் சின்னச் சின்ன உருண்டைகளாகி, அலசும்போது கிருமியோடு சேர்ந்து கழன்று போய்விடும். கொரோனா வைரஸ், ஃப்ளூ வைரஸ் போன்றவற்றுக்கு வெளிப்புறத்தில் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அந்த உறைக்குள்ளும் புகுந்து கிழித்துவிடும், அதோடு அந்த வைரஸ் செயலிழந்துவிடும். ஆனால் வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸுக்கும், குழந்தைகளுக்குப் பேதி வரவைக்கும் ரோட்டாவைரஸுக்கும் அந்தக் கொழுப்பு உறை கிடையாது. அவற்றைச் சோப்பு கொல்வதில்லை, கையிலிருந்து கழற்றி விடுகிறது, அவ்வளவுதான். அதனால் தேய்ப்பதும் அலசுவதும் சோப்பைவிட எந்த விதத்திலும் குறைந்ததல்ல. நுரை வந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

சரி, ஆரம்பிப்போம்

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றி வையுங்கள். மோதிரத்துக்கு அடியில் ஈரமும் அழுக்கும் தங்கும், தண்ணீர் உள்ளே போகாது. கழற்றவே முடியாத மோதிரம் என்றால் மேலே தள்ளி, கீழே தள்ளி, அடியில் இருக்கும் தோலையும் தேய்க்க வேண்டும். முழுக்கைச் சட்டை என்றால் மணிக்கட்டுக்கு மேலே நன்றாக மடித்துவிட்டுக்கொள்ளுங்கள், பாதியில் சட்டைக் கை இறங்கிவந்து ஈரமானால் சோப்புக் கையால்தான் மறுபடி மடிக்க வேண்டிவரும்.

முதலில் கையை நனையுங்கள், அப்புறம்தான் சோப்பு. காய்ந்த கையில் சோப்பைப் போட்டால் சரியாகப் பரவாது, தோலுக்கும் எரிச்சல். தண்ணீர் சூடாக இருக்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், தேவையில்லை. கை தாங்குகிற சூட்டில் இருக்கும் தண்ணீர் கிருமியைக் கொல்லாது, கொல்லும் அளவுக்குச் சூடாக்கினால் கை வெந்துவிடும். எந்தத் தண்ணீரில் உங்களுக்கு அவசரப்படாமல் நின்று கழுவ முடிகிறதோ அதுவே போதும். ஆனால் சுத்தமான தண்ணீராக இருக்க வேண்டும், ஓடுகிற அல்லது மேலிருந்து ஊற்றுகிற தண்ணீராக இருக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதில் ஒருவர்பின் ஒருவராகக் கையை முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. முதல் ஆளின் கையில் இருந்தது இரண்டாவது ஆளின் கைக்கு வரும், அவ்வளவுதான் நடக்கும்.

கை நனைந்ததும் குழாயை மூடிவிடுங்கள். தேய்க்கிற நேரம் முழுக்கத் தண்ணீர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. நீண்ட நேரம் கழுவச் சொன்னால் தண்ணீர் வீணாகுமே என்று தயங்குபவர்களுக்கு இதுதான் பதில், மூடிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேய்க்கலாம்.

இப்போது தேய்ப்பது. இருபது விநாடியாவது தேய்க்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நனைப்பதில் ஆரம்பித்துத் துடைத்து முடிப்பதுவரை 40 முதல் 60 விநாடி என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருபதுவரை எண்ணச் சொன்னால் அவசரத்தில் எட்டு விநாடியில் எண்ணி முடித்துவிடுவோம், என் அனுபவம் அது. அதனால் நான் நேரத்தை எண்ணுவதை விட்டுவிட்டு இடங்களை எண்ண ஆரம்பித்தேன். மொத்தம் ஆறு இடம், ஒவ்வோர் இடத்திலும் நிதானமாக ஐந்து தேய்ப்பு, இரண்டு கை என்றால் இரண்டுக்கும். முடிக்கும்போது இருபது விநாடி தானாகவே தாண்டியிருக்கும், எந்த இடமும் விட்டுப்போயிருக்காது.

உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துத் தேய்ப்பது முதல் இடம், இதை யாரும் மறப்பதில்லை. இரண்டாவது புறங்கை. வலது உள்ளங்கையை இடது புறங்கையின் மேல் வைத்து, விரல்களைக் கோத்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்துவிட்டுக் கை மாற்றுங்கள். மூன்றாவது, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்க, விரல்களைக் கோத்து விரலிடுக்குகளைத் தேய்ப்பது. இடுக்கின் அடிவரை, அந்தச் சவ்வு போன்ற தோல் இருக்கிறதே, அதுவரை விரல் இறங்க வேண்டும். நான்காவது, விரல்களை மடக்கி, கொக்கி போட்டது மாதிரி இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, விரல்களின் பின்பக்கத்தை எதிர்க் கையின் உள்ளங்கையில் தேய்ப்பது.

ஐந்தாவதுதான் கட்டைவிரல், இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மற்ற நான்கு விரல்களும் கோத்துக்கொள்ளும்போது கட்டைவிரல் எப்போதும் தனியே ஒதுங்கி நிற்கும். கையை எப்படித் தேய்த்தாலும் அது தானாக அந்த ஓட்டத்துக்குள் வராது, அதனால்தான் விட்டுப்போகிறது. அதைத் தனியாகப் பிடித்துத்தான் கழுவ வேண்டும். வலது கையால் இடது கட்டைவிரலை முழுவதுமாக, அதன் அடிமேடுவரை பொத்திப் பிடித்து, வண்டியின் ஆக்சிலேட்டரை முறுக்குவதுபோல முறுக்குங்கள், ஐந்து முறை, அப்புறம் மறு கை. வலதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இடது கையை நன்றாகக் கழுவுவார்கள், வலது கையைக் கொஞ்சம் குறைவாகத்தான் கழுவுவார்கள், ஏனென்றால் தேய்க்கிற வேலையைச் செய்வது வலது கை, தேய்த்துக்கொள்வது இடது கை. ஆனால் அதிகம் தொடுவதும் பிடிப்பதும் வலது கைதான். அதனால் எந்தக் கை உங்களுக்குப் பழக்கமோ அந்தக் கையின் கட்டைவிரலுக்கு இன்னும் இரண்டு முறுக்கு சேர்த்துக் கொடுங்கள்.

ஆறாவது விரல் நுனியும் நகக்கண்ணும். ஒரு கையின் ஐந்து விரல் நுனிகளையும் ஒன்றாகக் குவித்து, மறு கையின் உள்ளங்கையில் இருக்கும் நுரையில் வட்டமாகச் சுழற்றித் தேய்க்க வேண்டும், நகத்தின் அடியில் நுரை ஏறுவது உங்களுக்கே தெரியும். கையில் இருக்கும் பாக்டீரியாவில் பெரும்பங்கு நகத்துக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. நகம் நீளமாக இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாத இடம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். நோயாளியையோ கைக்குழந்தையையோ பார்த்துக்கொள்பவர்களும் சமைப்பவர்களும் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவதே நல்லது, ஒட்டு நகம் வேண்டவே வேண்டாம். கடைசியாக மணிக்கட்டை ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டால் தேய்ப்பது முடிந்தது.

அலசும்போது நுரை போனால் மட்டும் போதாது, வழவழப்பும் போக வேண்டும். கழற்றிய கிருமியைக் கீழே அனுப்புவது இந்தத் தண்ணீர்தான், மேலும் சோப்பு மிச்சம் இருந்தால் தோல் வறண்டு வெடிக்கும். விரல் நுனி கீழே பார்க்கும்படி பிடித்து அலசுங்கள்.

துடைப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை

இதை நான் தனியாகவே சொல்ல வேண்டும். கையை நன்றாகக் கழுவிவிட்டு இரண்டு உதறு உதறிவிட்டு, ஈரக்கையோடு கதவைத் திறந்துகொண்டு போகிறோம் இல்லையா, அங்கேதான் பாதி வேலை வீணாகிறது. காய்ந்த கையைவிட ஈரக்கையில் கிருமிகள் மிக எளிதாக ஒட்டும், ஈரக்கையிலிருந்து மற்ற பொருள்களுக்கும் எளிதாகப் போகும். ஆகவே துடைப்பது கழுவுவதன் கடைசிப் படி, அதை விருப்பம்போல் விடக்கூடாது.

எதில் துடைப்பது? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் காகிதத் துண்டு நல்லது. வீட்டில் துணித் துண்டுதான் என்றால் அது சுத்தமாகவும் முக்கியமாக காய்ந்தும் இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரே துண்டு நாள் முழுவதும் ஈரமாகவே தொங்கிக்கொண்டு, வீட்டில் இருக்கும் எல்லோரும் அதிலேயே துடைத்துக்கொண்டிருந்தால், கழுவாதவர் விட்டுப்போனது கழுவியவர் கைக்கு வந்து சேரும். போட்டிருக்கிற உடையில் துடைப்பதும் அதே கதைதான். துண்டே இல்லை என்றால் கையைக் காற்றில் காய விடுங்கள், காயும்வரை எதையும் தொடாதீர்கள். பொதுக் கழிப்பறையில் காகிதத் துண்டு இருந்தால் துடைத்த அதே துண்டால் குழாயை மூடிவிட்டு, கதவின் பிடியையும் அதாலேயே பிடித்துத் திறந்து, பிறகு தூக்கிப் போடலாம். நீங்கள் அழுக்குக் கையால் திறந்த குழாயைத்தான் இப்போது சுத்தமான கையால் மூடப்போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலே போதும்.

எப்போதெல்லாம்

ஒரு நாளைக்கு எத்தனை முறை என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. எதைத் தொட்ட பிறகு, எதைத் தொடுவதற்கு முன்னால் என்பதுதான் கேள்வி. கழிப்பறைக்குப் போய்வந்த பின், குழந்தைக்கு டயபர் மாற்றியோ கால் கழுவிவிட்டோ முடித்த பின், மூக்குச் சிந்திய, இருமிய, தும்மிய பின், குப்பையைத் தொட்ட பின், விலங்குகளையோ அவற்றின் கழிவையோ தொட்ட பின், வெளியில் போய் வீடு திரும்பியதும், இவையெல்லாம் "பிறகு" பட்டியல். சமைப்பதற்கும், சாப்பிடுவதற்கும், குழந்தைக்கு ஊட்டுவதற்கும், நோயாளியைத் தொடுவதற்கும், காயத்துக்கு மருந்து போடுவதற்கும், கண்ணில் லென்ஸ் வைப்பதற்கும் "முன்னால்". சமையலில் நடுவிலும் ஒருமுறை உண்டு, பச்சை இறைச்சியையோ முட்டையையோ தொட்ட கையோடு வேக வைக்காமல் சாப்பிடும் எதையும் தொடக்கூடாது.

இந்தப் பட்டியலில் "பிறகு" பகுதியை எல்லோரும் ஓரளவு செய்கிறோம், கை பிசுபிசுவென்று இருந்தால் நமக்கே பிடிக்காது. "முன்னால்" பகுதிதான் கஷ்டம், ஏனென்றால் அப்போது கை பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும்.

பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும் கை என்ன செய்யும் என்பதற்கு, 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் நடந்ததைவிட வலியான சான்று எனக்குத் தெரியாது. அங்கே பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள். ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் பார்த்த பிரிவில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவருக்குக் காரணம் புரியவில்லை. அந்த ஆண்டு அவருடைய நண்பர் யாகோப் கொல்லெச்கா, பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமாகி, அதே காய்ச்சல் போன்ற ஒன்றில் இறந்தார். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது, மாணவர்கள் பிணத்தை அறுத்த கையோடு நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். அவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தார்கள், ஆனாலும் கையில் பிணவாடை போகவில்லை. அந்த வாடை போகும்வரை குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூறு தாய்மார்களில் 18 பேர் இறந்திருந்த அதே பிரிவில், ஜூனில் அது நூறுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கிருமி என்ற ஒன்றைப் பற்றியே அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. உங்கள் கை நோயைக் கொண்டுவருகிறது என்று சொன்னதைப் பல மருத்துவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1865இல் ஒரு மனநல விடுதியில் செம்மல்வைஸ் இறந்துபோனார். இப்படி ஒருவர் பட்ட பாட்டுக்குப் பின்னால் கிடைத்த அறிவு இது என்பது எனக்குக் குழாயடியில் நிற்கும்போது சில சமயம் நினைவுக்கு வரும்.

நம் வீட்டில் குளோரின் கரைசலெல்லாம் வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும். பாகிஸ்தானின் கராச்சியில் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வீடுகளுக்குச் சோப்பைக் கொடுத்து, கை கழுவும்படி வாராவாரம் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களிடம் பேதியும் பாதிக்கு மேல் குறைந்தது. அதில் சில வீடுகளுக்குச் சாதாரணச் சோப்பு, சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சேர்த்த சோப்பு. இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

கை எப்படி நோயை உள்ளே கொண்டுபோகிறது என்று யோசித்தால், அது முகத்தின் வழியாகத்தான். தோலில் காயம் இல்லாதவரை கையில் இருக்கும் சளி வைரஸ் கையில்தான் இருக்கும். அதே கை கண்ணைக் கசக்கும்போதும், மூக்கைத் தேய்க்கும்போதும், உதட்டைத் தொடும்போதும்தான் அதற்கு வாசல் திறக்கிறது. ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்கள் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 23 முறை முகத்தைத் தொட்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்தவர்களே அப்படி என்றால், முகத்தைத் தொடாமல் இருப்பேன் என்று நாம் சபதம் எடுத்து ஆகப்போவது அதிகமில்லை. தொடப்போகிற கை சுத்தமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதைவிட எளிது.

வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி என்றால்

இந்த ஒரு சமயத்தில் சானிடைசரை நம்பாதீர்கள். நோரோவைரஸ் மாதிரிக் கொழுப்பு உறை இல்லாத வைரஸ்கள் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது, சில பாக்டீரியாக்களின் வித்துகளும் அப்படியே. வாந்தியைத் துடைத்த பின், துணியை அலசிய பின், நோயாளியைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய் வந்த பின், ஒவ்வொரு முறையும் சோப்பும் தண்ணீரும்தான். கையுறை போட்டிருந்தாலும் அதைக் கழற்றிய பின் கை கழுவியே ஆக வேண்டும், கழற்றும்போது வெளிப்பக்கம் கையில் படாமல் இருப்பது அபூர்வம், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் இருக்கும். நோயாளிக்குத் தனித் துண்டு கொடுங்கள். உடம்பு சரியாகி இரண்டு நாள் ஆகும்வரை அவர் மற்றவர்களுக்காகச் சமைக்காமல் இருக்கட்டும், அதற்குப் பிறகும்கூடச் சில நாட்கள் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால் அவரும் நன்றாகக் கழுவ வேண்டும். நோயாளியைக் கவனிப்பவர் மட்டும் கழுவிக்கொண்டு, நோயாளியின் கையை யாரும் கழுவிவிடாமல் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். எழுந்து நடக்க முடியாதவர் என்றால் ஒரு பாத்திரத்தைக் கையடியில் வைத்து, சோப்புத் தடவி, மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, கழிப்பறைக்குப் பின் ஒருமுறை.

எந்தச் சோப்பு

ஏதாவது ஒரு சோப்பு. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல், டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்த்து விற்கக்கூடாது என்று அறிவித்தது, சாதாரணச் சோப்பைவிட அவை மேலானவை என்பதற்குத் தயாரிப்பாளர்களால் போதிய ஆதாரம் காட்ட முடியவில்லை. எனவே கூடுதல் காசு கொடுத்துக் "கிருமிநாசினி" என்று அச்சிட்ட சோப்பை வாங்க வேண்டியதில்லை.

கட்டிச் சோப்பைப் பலர் தொட்டால் அதிலிருந்தே பரவுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. நுரைத்து நன்றாக அலசினால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் தண்ணீர் தேங்கிய டப்பாவில் ஊறிக் கொழகொழவென்று கிடக்க விடாதீர்கள், ஓட்டை உள்ள டப்பாவில் காயும்படி வையுங்கள். திரவச் சோப்பில் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டில் தீரும்போது மிச்சத்தின் மேலேயே புதிதை ஊற்றிக்கொண்டே போனால் உள்ளே பாக்டீரியா வளரலாம். காலியானதும் பாட்டிலையும் பம்பையும் கழுவி, காயவைத்து, பிறகு நிரப்புங்கள்.

சானிடைசர் எப்போது

சோப்பும் தண்ணீரும் கிடைக்காதபோது. குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ எண்ணெயோ இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. ஒரு சொட்டு விட்டு உள்ளங்கையில் மட்டும் தேய்ப்பதில் பலனில்லை, கை முழுக்க நனையும் அளவு எடுத்து, மேலே சொன்ன அதே ஆறு இடங்களிலும், தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். அதற்கு இருபது, முப்பது விநாடி ஆகும், காய்வதற்குள் துணியில் துடைத்துவிடக்கூடாது. அது தீப்பிடிக்கும் பொருள், காயாத கையோடு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் வாயில் வைத்துவிடாதபடி எட்டாத இடத்தில் வையுங்கள்.

குழாயே இல்லாத இடத்தில்

பயணத்திலோ தண்ணீர் நின்றுபோன நாளிலோ, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஆணியைச் சூடாக்கி நான்கைந்து சின்ன ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து அழுத்தினால் அதுவே குழாய். அரை டம்ளர் தண்ணீருக்குள் நனைத்து, தேய்த்து, அலசி முடித்துவிடலாம். சோப்பு மலிவாக வேண்டும் என்றால், துணி துவைக்கும் தூளைக் கொஞ்சமாக ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி வைத்துக்கொண்டால் கை கழுவ அதுவே போதும், ஆனால் தோலைக் கொஞ்சம் வறட்டும்.

கை வெடித்தால்

அடிக்கடி கழுவுகிறவர்களுக்கு ஒரு வாரத்திலேயே விரல் கணுக்களில் தோல் சிவந்து, சொரசொரப்பாகி, மெல்லிய கீறல்கள் விழ ஆரம்பிக்கும். எரியும், எரிந்தால் அடுத்த முறை சோப்பைத் தவிர்ப்போம், அப்படியே பழக்கம் விட்டுப்போகும். வெடித்த தோலில் கிருமி தங்குவதும் அதிகம். அதனால் இதை அலட்சியம் செய்யாதீர்கள். சூடான தண்ணீரைத் தவிருங்கள், சோப்பு மிச்சமில்லாமல் அலசுங்கள், துடைக்கும்போது அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், லேசான ஈரம் இருக்கும்போதே வாசனை சேர்க்காத க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். இரவு படுக்கும் முன் கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டுப் படுத்தால் காலையில் வித்தியாசம் தெரியும். அரிப்பும் கொப்புளமும் வந்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைகளுக்கு

கூப்பிட்டுச் சொல்வதைவிடப் பக்கத்தில் நின்று நீங்களும் சேர்ந்து கழுவுவது நல்லது. கைக்கு எட்டாத குழாயில் எந்தக் குழந்தையும் ஒழுங்காகக் கழுவாது, ஏறி நிற்க உறுதியான ஒரு முக்காலி போடுங்கள், சோப்பை அதன் உயரத்தில் வையுங்கள். ஆரம்பத்தில் சொன்ன பெயிண்ட் சோதனையைக் குழந்தைகளோடு செய்துபாருங்கள். கண்ணைத் திறந்ததும் விட்டுப்போன இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும், உங்கள் கையில் விட்டுப்போனதையும் சுட்டிக்காட்டும். கழுவிவிட்டேன் என்று ஓடிவரும் குழந்தையின் கையை வாங்கி முகர்ந்து பாருங்கள், சோப்பு வாசனை உள்ளங்கையில் மட்டும் இருந்தால் கட்டைவிரலை நீட்டச் சொல்லி அதையும் முகர்ந்து பாருங்கள், இல்லை என்றால் கோபப்படாமல் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேருமாக இன்னொரு தடவை.